குண்டு ஜாடியை உட்கார வைத்த விதம்

"டிக்" என்று ஒரே ஒரு சத்தம். கிளாம்பின் இறக்கை நட்டை அரைச் சுற்றுகூட முழுசாகத் திருப்பவில்லை. ஜாடியின் அடியிலிருந்து தோள் வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடி நின்றது. வைரமுனை இன்னும் கண்ணாடியைத் தொடவில்லை, மெஷினுக்குச் சுவிட்சுகூடப் போடவில்லை. கொடுத்த எட்டு ஜாடியில் ஒன்று அங்கேயே போய்விட்டது.

ஜாடிகள் என் நண்பருடையவை. ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். தோட்டத்து வீட்டில் நாலு அறையை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். சமையலறை அலமாரியில் வைக்க, மிளகு, காப்பி, தேன், ஏலக்காய் என்று ஒவ்வொரு ஜாடியிலும் பெயர் வெட்டித் தரச் சொன்னார். ஸ்டிக்கர் ஒட்டினால் மலை ஈரத்துக்கு ரெண்டு மழைக்காலம் தாங்காது, எழுத்து கண்ணாடியிலேயே இருக்கட்டும் என்றார். என்னிடம் 3018 வகைச் சின்ன சி.என்.சி. இருக்கிறது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி முனையை நகர்த்தி வெட்டுகிற மெஷின். பகலில் அம்மாப்பேட்டையில் தறி மோட்டார் ரீவைண்டிங், ராத்திரியில் இந்த மெஷின். பித்தளைத் தகடு, அக்ரிலிக், தட்டையான கண்ணாடி எல்லாம் வெட்டிப் பழக்கம் இருந்ததால் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு நான் சுழன்று அரைக்கிற முனையை (பர்) போடவில்லை. முனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தி வைத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த வைரமுனையை அதன் பிடியான கோலெட்டில் மாட்டிக் கண்ணாடிமேல் இழுத்துக் கீறுகிற முறை. சாதாரணக் கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் ஐந்தரையிலிருந்து ஆறுக்குள், வைரம் 10. வெட்டுவதற்கு பலம் தேவையே இல்லை. அதனால்தான் பிடிப்பு விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். மெஷினோடு வந்த இரண்டு கிளாம்ப், நடுவில் ஒரு ரப்பர் துண்டு, போதும் என்று நினைத்தேன்.

கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உருண்ட ஜாடியின் வயிற்றில் தட்டையான கிளாம்ப் பட்டை உட்கார்ந்தால் அது தொடுவது ஒரு புள்ளியில்தான். அந்தப் புள்ளியில் வெளிப்பக்கம் அமுங்குகிறது. நேர் கீழே உள்பக்கம் இழுபடுகிறது. உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், விரிசல் அங்கே பிறந்துவிடும். ரப்பர் வைத்தேனே என்றால், உடைந்த ஜாடியைப் பார்த்தபோது ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பித்தளைச் சுருள் ஒட்டியிருந்தது, முந்தின வேலையின் மிச்சம். கடுகில் கால்வாசி இருக்கும். மொத்த அழுத்தத்தையும் அது ஒன்றே வாங்கிக் கண்ணாடிமேல் இறக்கியிருக்கிறது.

அடுத்து வி-பிளாக். 90 டிகிரியில் இரண்டு மரப்பட்டை, மேலே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். நேரான பாட்டிலுக்கு இது அருமையான ஏற்பாடு. மினரல் வாட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்றில் எழுதிப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. ஆனால் நண்பருடைய ஜாடி நேரானதல்ல. நடுவயிறு 110 மி.மீ. குறுக்களவு, அடியும் கழுத்தும் ஒடுங்கியது, பீப்பாய் மாதிரி. வி-பிளாக்கில் படுக்க வைத்தால் வயிறு மட்டும் இரண்டு புள்ளியில் தொடுகிறது. தலையைத் தொட்டால் வால் ஏறுகிறது, வாலைத் தொட்டால் தலை ஏறுகிறது. கழுத்துக்கும் அடிக்கும் அட்டை மடித்து முட்டுக் கொடுத்து ஓட்டியதில், 'மிளகு' என்பதில் 'மி' நன்றாக இருந்தது, 'ள' இரட்டைக் கோடாக இருந்தது, 'கு' இரண்டு மி.மீ. கீழே இறங்கிவிட்டது. (விரிசல் விட்ட ஜாடியில்தான் இந்தச் சோதனை எல்லாம். உடைந்ததைத் தூக்கி எறியாதீர்கள். அதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைக்காது.)

ஏன் நகர்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எழுத்தின் அகலம் 50 மி.மீ. ஜாடியின் ஆரம் 55. நடுவிலிருந்து 25 மி.மீ. தள்ளிப் போனால் கண்ணாடி 6 மி.மீ. இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் சரிவு 27 டிகிரி. வைரமுனையின் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது என்று சமையல் தராசுமேல் வைத்து அமுக்கிப் பார்த்தேன்: 2 மி.மீ. அமுங்கும்போது 350 கிராம். தட்டையான கண்ணாடியில் இந்த 350 கிராமும் நேராகக் கீழேதான் போகும், பொருளை மேடையோடு சேர்த்து அமுக்கும், அதாவது நமக்கு உதவும். 27 டிகிரி சரிவில் அதே அழுத்தம் பக்கவாட்டில் 180 கிராம் அளவுக்கு ஜாடியைத் தள்ளுகிறது. எழுத்தின் இடது ஓரத்தில் வலப்பக்கமாக, வலது ஓரத்தில் இடப்பக்கமாக. முனை ஒவ்வொரு முறை நடுக்கோட்டைத் தாண்டும்போதும் ஜாடி கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். ட்யூப் ரப்பரின் நெகிழ்வு அதற்கு இடம் கொடுக்கிறது. இரட்டைக் கோட்டின் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொன்னது. 120 டிகிரி கோணத்தில் கூம்பிய முனை வைத்திருந்தால் அதன் பக்கச் சரிவே 30 டிகிரிதான். 27 டிகிரி சரிவில் கண்ணாடியை உரசுகிற நிலைமைக்கு வந்துவிடும். 90 டிகிரி முனைக்கு 45 வரை இடம் இருக்கிறது. வளைந்த பொருளுக்கு 90-ஐ வாங்குங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் மாமா பட்டறைக்குப் போயிருந்தேன். சேலத்தில் வெள்ளி என்றால் எல்லாரும் கொலுசைத்தான் சொல்வார்கள். மாமா செய்வது நகாசு வேலை, சாமிக்குக் கவசம். போன நேரத்தில் ஒரு சின்னச் செம்பின் வயிற்றில் இலைக்கொடி எழுப்பிக்கொண்டிருந்தார். செம்புக்குள்ளே அரக்கை உருக்கி ஊற்றி நிரப்பியிருந்தது. வெளியே மரப்பலகைமேல் ஒரு மேடு அரக்கு, அதில் செம்பு பாதி புதைந்து கிடந்தது. உளி வைத்துத் தட்டத் தட்ட செம்பு அசையவே இல்லை. பலகையில் ஒரு ஆணிகூட இல்லை, கட்டுக்கயிறு இல்லை.

நான் கதையைச் சொன்னேன். உடைந்த ஜாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இதைப் போய் ரெண்டு பக்கமும் நெறிச்சியா? உருண்ட சாமானுக்குப் பிடி எதுக்கு? அது உக்கார ஒரு குழி பண்ணிக் குடு."

"அரக்கு ஊத்தலாங்களா மாமா?"

"கண்ணாடிக்கு ஆகாது. சூடா ஊத்துனா வெடிச்சுப்போகும். குழியை வேற எதுலயாச்சும் பண்ணு. அரக்கு ஓரத்துல ஒட்டறதுக்கு மட்டும், அதுவும் மெழுகு கலந்து எளக்கமா."

உள்ளே நிரப்புவதைப் பற்றி அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. அது தானாக வந்து சேர்ந்தது, பிறகு சொல்கிறேன்.

குழிக்கு பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வாங்கினேன், ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு விற்பதுதான். பழைய பிளைவுட்டில் 160-க்கு 130 மி.மீ. பெட்டி, உயரம் 70. எடைக்குப் 10 பங்கு பவுடர், 7 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும். பவுடரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஜாடிமேல் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினேன். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை (கிளிங் ஃபிலிம்) சுற்றிப் பார்த்தேன், அதன் சுருக்கம் ஒவ்வொன்றும் குழியில் பதிந்து, ஜாடி அந்த மேடுகளின்மேல் நின்றது. எண்ணெய்தான் சரி.

கலவையை ஊற்றி ஜாடியை மேலே வைத்தேன். மிதந்தது! எனக்கு இது தோன்றவே இல்லை. பாதி முங்கிய ஒரு லிட்டர் ஜாடி இடம் மாற்றுகிற கலவை முக்கால் கிலோவுக்கு மேல் கனம். காலி ஜாடி 400 கிராம்தான். கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றால் கை நடுங்குகிற நடுக்கம் எல்லாம் குழியில் பதிகிறது. சமையலறைக்கு ஓடிப் போய் கையில் கிடைத்ததை எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பது ஜவ்வரிசி. ஜாடியில் விளிம்பு வரை கொட்டி மூடியைத் திருகி வைத்தேன். இப்போது கனம் அதிகமாகி அடிவரை முங்கப் பார்த்தது. அந்தக் கலவை அதற்குள் இறுகிப்போக, அதைத் தட்டி எடுத்துவிட்டு, இரண்டாவது முறை பெட்டியின் அடியில் இரண்டு களிமண் உருண்டையை வைத்து, ஜாடி அதன்மேல் உட்காரும்படி உயரத்தைச் சரிசெய்துகொண்டு ஊற்றினேன். களிமண் உள்ளேயே இருக்கட்டும், தொந்தரவில்லை.

ஒரு எச்சரிக்கை. கலவை ஜாடியின் பெருத்த நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறுகியபின் ஜாடி சிறைப்பட்டுவிடும். உடைக்காமல் எடுக்க முடியாது. நான் ஆரம் 55-க்கு 45 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தினேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கொஞ்சம் விரியவும் செய்யும். பாதிக்குக் கீழே என்றால் அந்த விரிவு ஜாடியை மேலே தூக்கிவிடுமே தவிர நெறிக்காது. அரை மணி கழித்து ஜாடியை மெல்ல உருட்டி எடுத்து, குழியை இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவிட்டேன். சேலத்து வெயில் இந்த வேலைக்குக் கிடைத்த பெரிய உதவி.

காய்ந்தபின் ஜாடியைக் குழியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். ஜவ்வரிசி இன்னும் உள்ளேதான் இருந்தது. காலி ஜாடியைத் தட்டினால் 'கிண்' என்று நீளமாக ஒலிக்கும். இது 'டொக்' என்று நின்றது. அப்போதுதான் மாமாவின் செம்புக்குள் இருந்த அரக்கு நினைவுக்கு வந்தது. வைரமுனை கண்ணாடிமேல் இழுபடும்போது நுணுக்கமாக அதிரும். காலி ஜாடி அந்த அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். கோட்டின் ஓரம் பொரிந்து, செதிள் செதிளாகத் தெறிக்கும். உள்ளே நிரப்பிவிட்டால் அதிர்வு அடங்கிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலி ஜாடியின் கோடு ரம்பப் பல் மாதிரி. நிரப்பியதன் கோடு பேனாவில் எழுதியது மாதிரி.

ஆற்று மணலை நிரப்பலாமே என்று கேட்பீர்கள். மணல் கண்ணாடியைவிடக் கடினமானது, மோஸ் 7. உள்பக்கம் முழுக்கக் கீறி வைத்துவிடும், கீறல் விழுந்த இடம் பிற்பாடு உடைகிற இடம். உப்பு, அரிசி, ஜவ்வரிசி, இப்படி மெத்தென்று இருப்பதே நல்லது. அதிலும் தின்கிற பண்டம் போடும் ஜாடிக்கு ஜவ்வரிசிதான் எனக்குப் பிடித்தது. மரவள்ளி விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

ஒட்டுவதற்கு மாமா சொன்ன மெழுகு. ஏற்காட்டிலிருந்து நண்பர் அனுப்பிய தேன்மெழுகு மூன்று பங்கு, நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியம் ஒரு பங்கு, நேரடி நெருப்பில் வைக்காமல் மணல் சட்டிமேல் பாத்திரத்தை வைத்து மெதுவாக உருக்கியது. ஆறவிட்டு, பென்சில் கனத்தில் திரியாக உருட்டி வைத்துக்கொண்டேன். ஜாடி குழியில் உட்கார்ந்தபின், கண்ணாடியும் பிளாஸ்டரும் சேரும் விளிம்பில் நாலு இடத்தில் ஒரு விரற்கடை நீளம் திரியை வைத்து, முடி உலர்த்தும் டிரையரால் மூன்று நிமிடம் சுற்றுப்புறத்தையே இளஞ்சூடாக்கி, பிறகு திரியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிளாஸ்டரின் நுண்துளைக்குள் மெழுகு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பக்கம் லேசாக ஒட்டும். 180 கிராம் பக்கத் தள்ளலுக்கு அது தாராளம். எடுக்கும்போது மறுபடி டிரையரைக் காட்டி, தறி நூல் ஒன்றை இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் ஜாடி கையோடு வந்துவிடும். இதற்கு ஹாட் குளூவும் போடலாம். எடுக்கும்போது ஓரத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டால் பிடி விட்டுவிடும். எனக்கு மெழுகின் வாசனையும், அது தருகிற நிதானமும் பிடித்திருக்கிறது.

மெஷின் பக்கம் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. குழியோடு ஜாடி 125 மி.மீ. உயரம் வருகிறது. 3018-ல் முனை மேலும் கீழும் நகர்வதே 45 மி.மீ.தான், அவ்வளவு உயரப் பொருள் அடியில் நுழையாது. முனையைச் சுமக்கிற பாலத்தைத் தாங்கும் இரண்டு பக்கத் தகட்டையும் கழற்றி, அதே துளைகளோடு உயரமான பேக்கலைட் தகடு இரண்டு வெட்டி மாட்டினேன். உயரம் கூடியதால் பாலம் கொஞ்சம் ஆடியது. பின்பக்கம் குறுக்கே ஒரு அலுமினியக் கோணம் அடித்ததும் அடங்கியது.

இனி உயரக் கணக்கு. 6 மி.மீ. இறக்கத்தை ஸ்பிரிங்கையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் நடுவில் அமுக்கம் அதிகமாகி ஆழமாகவும், ஓரத்தில் அமுக்கமே இல்லாமல் மங்கலாகவும் வரும். அதனால் பரப்பை முன்கூட்டியே அளந்து, முனை அந்த வளைவோடு ஏறி இறங்க வேண்டும். மெஷினை ஓட்டுகிற கேண்டில் மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது: புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்து உயரப்படம் எடுத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் தொட்டதும் மின்சுற்று மூட வேண்டும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, வைரத்திலும் ஓடாது. சமையலறை அலுமினியத் தாளை ஒரு விரல் அகல நாடாக்களாக வெட்டி, ஜவ்வரிசிக் கஞ்சியை மெல்லிசாகத் தடவி ஜாடிமேல் ஒன்றை ஒன்று தொடும்படி ஒட்டினேன். முழுத் தாளாக ஒட்டினால் இரட்டை வளைவில் சுருக்கம் விழும். வைரமுனைக்குப் பதில் மொக்கையாகிப் போன ஒரு கார்பைட் வி-பிட்டை (வி வடிவ முனை, இதில் மின்சாரம் ஓடும்) மாட்டி, தாளில் ஒரு கிளிப், பிட்டில் ஒரு கிளிப். 5 மி.மீ. இடைவெளியில் 11-க்கு 5, மொத்தம் 55 புள்ளி. பதினைந்து நிமிடம் 'டக் டக்' என்று தொட்டுக்கொண்டே போனது. பிறகு தாளை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு வைரமுனையை மாட்டி, உச்சிப்புள்ளியில் மட்டும் காகிதம் வைத்து உயரத்தைப் புதிதாக ஸீரோ செய்தேன்.

வளைவில் எழுத்து அகலும் என்று சிலர் பயப்படுவார்கள். ஓரத்து எழுத்து பரப்பின்மேல் 12 சதவீதம் நீளுகிறது, உண்மைதான். எதிரில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். 50 மி.மீ. அகலம் வரை நான் எதையும் திருத்தவில்லை.

நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம், இரண்டு ஓட்டம். சோப்பு கலந்த தண்ணீர் நாலு சொட்டு மேலே விட்டுக்கொண்டே இருந்தேன். முனைக்குக் குளிர்ச்சி, கண்ணாடித் தூள் காற்றில் பறக்காது. அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். டெம்பர்டு கண்ணாடியில் (சூடேற்றி உறுதியாக்கியது) இந்த வேலையே வேண்டாம். ஒரு ஆழக்கீறலில் மொத்தமும் பொடியாகிக் கொட்டிவிடும்.

முதல் ஜாடி 'ஏலக்காய்'. 'க்' மேல் புள்ளி வைக்கிற நேரத்தில் மழை, கரண்ட் போய்விட்டது. மெஷினை நகர்த்துகிற ஜி.ஆர்.பி.எல். கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கரண்ட் போனால் முனை எங்கே நிற்கிறது என்பது மறந்துபோகும். ஆனால் மேடையின் மூலையில் ஒரு பித்தளை முளையைத் திருகி வைத்து, ஜாடி வைப்பதற்கு முன்பே அதன் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். குழிப்பெட்டியும் இரண்டு முளையில் சொருகி நிற்கிறது. ஜாடியிலும் குழியிலும் ஒரே நேரில் பென்சில் கோடு. மெழுகு பிடித்த ஜாடி அசையவே இல்லை. கரண்ட் வந்ததும் முனையைப் பித்தளை முளைக்குக் கொண்டுபோய் இடத்தைச் சொல்லிக்கொடுத்து, விட்ட வரியிலிருந்து ஓட்டினேன். புள்ளி, வைக்க வேண்டிய இடத்தில் போய் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தால்கூட இடையில் நின்ற இடம் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மற்ற ஆறும் அதே குழியில் முடிந்தன. அச்சில் ஊதிய ஜாடிகள் என்பதால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடியது, குழியில் ஒரு தாள் டிஷ்யூ விரித்ததும் சரியானது. உயரப்படம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுத்தேன்.

நண்பரின் வீட்டம்மா ஒன்று கேட்டார்: எழுத்துக்கு மேலே, ஜாடியைச் சுற்றி முழு வட்டமாக ஒரு கோட்டு அலங்காரம். இதை மட்டும் நான் மறுத்துவிட்டேன். பாட்டிலைச் சுற்றி ஒரு முழுக்கோடு கீறி, வெந்நீரும் குளிர்ந்த நீரும் மாற்றி ஊற்றினால் பாட்டில் அந்தக் கோட்டில் இரண்டாகும்; பாட்டிலை டம்ளராக வெட்டுகிறவர்கள் செய்வது அதைத்தான். தினமும் கழுவிப் புழங்குகிற ஜாடிக்கு அந்தக் கோட்டை நாமே போட்டுக் கொடுக்கக் கூடாது. விளக்கிச் சொன்னதும், துண்டு துண்டான இலைகளாக இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

ஜாடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நண்பர் பரணிலிருந்து ஒரு லாந்தர் சிம்னியை எடுத்து வந்தார். அவருடைய அப்பத்தா காலத்தில் புழங்கியது. மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு வயிறு, கீழே ஒரு அளவு, அதுவும் கோணல். காகிதம் மாதிரி மெல்லிசு. அதில் 'அப்பத்தா' என்று எழுத வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவில் அதைக் கீழே கொண்டுபோக அவருக்கு மனமில்லை. இவ்வளவு மெல்லிய, ஒன்றே ஒன்று இருக்கிற பொருளை நனைந்த பிளாஸ்டரில் வைக்க எனக்கும் மனமில்லை.

2010-ல் அமெரிக்காவில் கார்னெல், சிக்காகோ பல்கலைக்கழகத்தாரும் ஐரோபாட் நிறுவனத்தாரும் சேர்ந்து ஒரு ரோபோக் கையைச் செய்து காட்டினார்கள். விரல் கிடையாது. ரப்பர் பலூனுக்குள் காப்பித்தூள், அவ்வளவுதான். பலூனை ஒரு பொருள்மேல் அழுத்தினால் தூள் நழுவி அதன் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் தூள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கல்லாகிவிடும். காற்றை விட்டால் மறுபடி மாவு. நெறிப்பு இல்லாத பிடி. சிம்னிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் சேலத்தில் ஜவ்வரிசியைப் போட்டுப் பார்த்தேன். இறுகுகிறது, ஆனால் விரலால் அழுத்தினால் பிதுங்குகிறது. உருண்டை மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். காப்பி உடைத்த தூளோ கோணல்மாணலானது, அதனால் பூட்டிக்கொள்கிறது. சிக்கரி கலக்காத தூள் வேண்டும். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். ஃபில்டருக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக, ஒன்றேகால் கிலோ, நண்பர் தோட்டத்துக் காப்பியையே அரைத்தோம். தடித்த பெரிய பலூன், வாயில் மெல்லிய துணி வடிகட்டி, பிறகு குழாய், காற்றை உறிஞ்ச, காயலான் கடையில் வாங்கிய பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர். வடிகட்டி இல்லாவிட்டால் காப்பி எல்லாம் கம்ப்ரஸருக்குள்.

மெஷின், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். அங்கே மாட்டி ஓட்டினால் வெற்றிட மீட்டர் 23-ல் நின்றது. சேலத்தில் 27 அங்குலம் (பாதரச அளவு) காட்டியது. எங்கோ ஒழுகுகிறது என்று ஒரு மணி நேரம் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவித் தேடினேன். ஒழுகலே இல்லை. பிறகுதான் உறைத்தது: பையை அழுத்திப் பிடிப்பது கம்ப்ரஸர் இல்லை, வெளிக்காற்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தமே சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கிடைக்கிற பிடி அவ்வளவுதான் என்று தெரிந்ததும், ஸ்பிரிங் அமுக்கத்தை 2 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.யாகக் குறைத்து, ஓட்டத்தை இரண்டுக்குப் பதில் நாலாக்கினேன்.

மரப்பெட்டிக்குள் பையை விரித்து, சிம்னிக்குள் பருத்தித் துணியைத் தளர்வாகத் திணித்து, பாதி அளவு பையில் அமுக்கி, கம்ப்ரஸரைப் போட்டோம். பை சுருங்கும்போது சிம்னி ஒரு மி.மீ. போல இழுபட்டு நகர்ந்தது. ஸீரோ வைப்பதும் உயரப்படம் எடுப்பதும் இதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் எல்லாமே தப்பு. கை வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தேன், அசைவில்லை. நண்பர் பக்கத்தில் நின்றுகொண்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். கம்ப்ரஸரை நிறுத்தவே இல்லை, அதன் அதிர்வு வராமல் இருக்க அதை வெளித் திண்ணையில் வைத்து நீளக் குழாய் போட்டிருந்தேன்.

காற்றைத் திறந்துவிட்டதும் பை 'புஸ்' என்று தளர்ந்து, சிம்னி தன்னால் மேலே மிதந்து வந்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். கோடுகள் பனி படிந்த மாதிரி, தெறிப்பு எங்கும் இல்லை. இனிமேல் இதற்குள் திரி ஏற்ற வேண்டாம், கீறல் விழுந்த மெல்லிய கண்ணாடி சூட்டுக்கு வெடிக்கும், சின்ன எல்.இ.டி. விளக்கு வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை அப்பத்தா படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

ஜாடிக்குழியை நான் இன்னும் உடைக்கவில்லை. விரிசல் விட்ட முதல் ஜாடி அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புது முனை வாங்கினால் முதல் கோடு அதில்தான் போடுகிறேன். காப்பிப் பையை வைத்து அடுத்து காகிதம் பறக்காமல் மேலே வைக்கிற ஒரு கண்ணாடி பேப்பர்வெயிட்டில் வேலை பார்க்க வேண்டும். அது முழு அரைக்கோளம், ஓரச் சரிவு 45-ஐத் தாண்டும், அதனால் மேடையையே சாய்க்கிற ஒரு பலகை செய்துகொண்டிருக்கிறேன்.